பிறேக் மிதித்த தம்பி

ஒரு விஷயத்தைப் படிப்பிக்கிறவனுக்கு அந்த விஷயம் தெரியும் என்று உலகம் நம்புகிறது. அதைவிட மோசம், அவனும் நம்பிவிடுகிறான்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் நான் வட்டக்கச்சியில் விஞ்ஞான வாத்தியார். குழாய்க்குள் அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால் அந்த அமுக்கம் எல்லாப் பக்கமும் போகும், வாகனத்தின் பிறேக் வேலை செய்வது அப்படித்தான் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் கீறிக் காட்டுவேன். (வாகனத்தின் கீழே ஒருநாளும் படுத்ததில்லை. படம் மட்டும் வடிவாகக் கீறுவேன்.)

அப்போது எனக்கு நெளுக்குளத்தில் பெண் பேசினார்கள். சாதகம் பொருந்திவிட்டது. ஆனால் பெண்ணின் தகப்பன் தரகரிடம் ஒன்று சொல்லியனுப்பியிருந்தார்: "பிள்ளைக்குப் பிடிச்சால்தான் மேற்கொண்டு கதை." அதற்கு முன்பே இரண்டு இடத்தில் என்னைப் பிடிக்காமல் போயிருந்தது. மூன்றாவதை அம்மா தாங்கமாட்டா.

மாமாவின் பிக்கப்பில் புறப்பட்டோம். நெல்லு மூட்டை ஏற்றும் வாகனம், அன்றைக்கு அம்மாவையும் ஒரு வாழைக்குலையையும் ஏற்றியது. நல்ல காரியத்துக்குப் போகிறதென்று மாமா முதல் நாளே அதைக் கழுவி, சந்தனம் வைத்து, பின்சில்லுக்குப் போகும் பழைய பிறேக் குழாயையும் தன் கையாலேயே கழற்றிப் புதிது பூட்டியிருந்தார்.

அதன் பலன் முறிகண்டியில் தெரிந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த இடத்தை எந்த வாகனமும் தாண்டாது. எங்களுடையது தாண்டியது. பிள்ளையாரையும் கடலைக் கடைகளையும் கடந்துபோய் ஒருவழியாக நின்றது. மாமா தேங்காயோடு திரும்பி நடந்தார்.

"மிதிச்சால் பஞ்சு மாதிரி இறங்குது. அடுத்தடுத்து மிதிச்சால்தான் இறுகுது," என்றார் வந்து.

"அப்ப குழாய்க்குள்ள காத்து. திரவம் அமுங்காது, காத்து அமுங்கும். வெளியில எடுக்கவேணும்," என்றேன். (வாழ்க்கையில் நான் சரியாகக் கண்டுபிடித்த ஒரே நோய்.)

"எடுப்பம். முதல்ல நல்ல நேரத்துக்குப் போய்ச் சேருவம்."

மாமா நாலு தரம் மிதித்து மிதித்து, மாட்டுக்கூட்டங்களிடம் கெஞ்சிக் கெஞ்சி ஓட்டினார். நெளுக்குளத்தில் பெண்வீட்டு வைக்கல் போருக்குள் மூக்கை நுழைத்தபடி நின்றோம்.

"வாங்கோ தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ," என்றார் பெண்ணின் தகப்பன்.

"இல்லை ஐயா, அம்மாவைத் திருப்பிக் கொண்டுபோறதெல்லோ. முதல்ல பிறேக்." (சன்னலுக்குப் பின்னால் நின்று பெண் பார்ப்பா, கைவேலை தெரிந்தவன் என்று மயங்குவா என்பது என் கணக்கு.) "மிதிக்க மட்டும் ஒராள் வேணும்."

"அனுப்புறன்," என்று அவர் உள்ளே போனார். மாமா பலகாரத்தைத் தேடி அவருக்கு முன்பே போய்விட்டார்.

சாரதியின் காலடியில் இருந்த பிறேக் எண்ணெய்ச் சட்டியின் மூடியைத் திறந்து, மாமா முதல் நாள் மிச்சம் வைத்திருந்த எண்ணெய்த் தகரத்தை ஆசனத்தில் வைத்தேன். பிறகு வெள்ளைக் காற்சட்டையோடு பின்சில்லருகே வாகனத்துக்குக் கீழே புகுந்தேன். சில்லுக்குப் பின்னாலுள்ள சிறு திருகாணியில் சைக்கிள் வால்வு ரியூப்பைச் செருகி, மறுமுனையை ஒரு சோடாப் போத்தலுக்குள் விட்டேன். மேலே யாரோ ஏறி இருக்கும் அசைவு தெரிந்தது. பெண்ணுக்கு ஒரு தம்பி இருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். தம்பிதான் என்று முடிவு செய்தேன்.

"தம்பி, மிதி எண்டால் மிதிச்சுப் பிடி. விடு எண்டால் மட்டும் விடு. வாய் திறக்காதை, காத்து வாற சத்தம் எனக்குக் கேக்கவேணும். ஓம் எண்டால் கதவில ஒருக்காத் தட்டு. இல்லையெண்டால் ரெண்டு தரம். விளங்கிச்சோ?"

ஒரு தட்டு.

மிதி, திருகாணியைத் திற, குமிழி, பூட்டு, விடு. குமிழிகள் குறைந்துகொண்டே வந்தன. எனக்குத் தலைக்கனம் ஏறியது. சும்மா கிடப்பானேன் என்று விசாரணையைத் தொடங்கினேன்.

"அக்கா நல்லாச் சமைப்பாவோ?"

இரண்டு தட்டு.

"பாவம். அவவுக்குக் கோபம் வருமோ?"

ஒரு தட்டு. கதவு அதிர்ந்தது.

"உண்மையைச் சொல்லு. வடிவோ?"

கதவில் விரல் உரசும் சத்தம். பிறகு மெதுவாக ஒரு தட்டு.

இந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது குமிழிகள் திரும்பவும் வரத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு. பிறகு போத்தல் சோறு கொதிப்பதுபோலக் கொதித்தது.

"டேய், என்ன மிதி மிதிக்கிறாய்? சொன்னது விளங்கேல்லையோ? உங்கட குடும்பமே இப்பிடித்தானோ? மூளை கீளை இருக்கோ?"

"மூளை இருக்கு," என்றது மேலேயிருந்து ஒரு பெண்குரல். "சட்டிக்குள்ள எண்ணெய்தான் இல்லை. அப்பவே சொல்லுவம் எண்டு பாத்தன். வாய் திறக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டியள்."

திடுக்கிட்டு எழுந்தேன். வாகனத்தின் கீழே எழும்பக்கூடாது என்பதை நெற்றி கற்றுக்கொண்டது. போத்தல் சரிந்து எண்ணெய் முழுவதும் சட்டையில் ஊற்றியது. சட்டி வற்ற வற்ற நிரப்பாவிட்டால் அந்த வழியாகவே புதுக் காற்றுப் புகுந்துவிடும் என்பது நான் கீறும் படத்தில் இல்லை.

தவழ்ந்து வெளியே வந்தேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தானே மிதிக்க வந்தவா, ஒரு வழியாக அதைப் பார்த்தா. நெற்றியில் எலுமிச்சம்பழமளவு வீக்கம், தலையில் வைக்கல், உடம்பெல்லாம் பிறேக் எண்ணெய். தகரத்தை எடுத்துச் சட்டியை நிரப்பிவிட்டு, "இனிச் சொல்லுங்கோ," என்றா.

"மிதியுங்கோ," என்றேன், என் வாழ்நாளிலேயே ஆகத் தாழ்ந்த குரலில். "தயவுசெய்து… இனி விடுங்கோ."

குமிழி நின்றது. பிறேக் கல்லாக இறுகியது. எனக்கு நம்பிக்கை மட்டும் இறுகவில்லை. மூன்றாவது இடமும் போச்சு என்று ஆறிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் சட்டையைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ன பிள்ளை, ஓமோ இல்லையோ?" என்று தகப்பன் கேட்டார்.

கதவு நிலையோடு சாய்ந்து நின்றவா, விரலை மடக்கி அதில் தட்டினா. நான் இரண்டாவதற்குக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"கேட்டதுக்குப் பதிலைச் சொல்லாமல் ஏன் நிலையைத் தட்டுறாய்?" என்றார் தகப்பன்.

திரும்பும்போது பிக்கப் முறிகண்டியில் பிள்ளையாருக்கு நேர் முன்னால் நின்றது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் முக்கியமான தீர்மானங்கள் தட்டியே அறிவிக்கப்படுகின்றன. பிள்ளைகள் ஆளுக்கொரு மேசையில் தட்டிக் காட்டி என்னைக் கேலி பண்ணுவார்கள். இதை எழுதி முடித்ததும் குசினிப் பக்கம் பார்த்து, "அச்சில போடக் குடுக்கட்டோ?" என்று கேட்டேன்.

இரண்டு தட்டுச் சத்தம் கேட்டது. அதில் ஒன்று அகப்பை விழுந்த சத்தமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.