கமலநாதன் போட்ட கட்டளை

பொதுமக்களுக்கு ஏதாவது செய்தே தீருவது என்று கமலநாதன் முடிவெடுத்தார். அவர் இப்படி முடிவெடுக்கும்போதெல்லாம் மனைவி புனிதாவுக்குத்தான் வேலை கூடும்.

கிள்ளான் நகரில் அவர்கள் குடியிருந்த ஃபிளாட்டில் டிங்கிக் காய்ச்சல் பரவியிருந்தது. எதிர்வீட்டு லோகனின் மகள் ஷாமினி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாளைக்குக் கொசுப்புகை அடிக்க வருகிறார்கள். பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவுக்குக் கமலநாதன்தான் அட்மின். எவரோ எங்கிருந்தோ அனுப்பிய தகவல் ஒன்றைப் பார்த்தார். அதை அப்படியே நம்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு குரல்பதிவு போட்டார்.

"குடியிருப்பாளர்களே, நாளைக்குச் சாயந்திரம் ஃபோகிங். கதவு, சன்னல் எல்லாத்தையும் இறுக்கி மூடிடுங்க. புகை ஒரு பொட்டுகூட உள்ள வரக்கூடாது. இது என் கட்டளை."

கைகூப்பும் படங்களாக வந்து குவிந்தன. கமலநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

புனிதா அதைக் கேட்டாள். கீழே போய், லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தாள். அதோடு விட்டாளா? சுகாதார இலாகாவுக்கு, லைன் கிடைக்கும்வரை விடாமல் போன் அடித்துக் கேட்டாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, கதவைத் திறந்து வைக்கணுமாம். சாப்பாட்டை மூடி வச்சிட்டு நாமெல்லாம் கீழ இறங்கிடணுமாம்."

"யாரு சொன்னா?"

"இலாகாவுல."

"புகை உள்ள வந்துரும் லா."

"வரணும்னுதானே அடிக்கிறாங்க? கொசு எங்க இருக்கு? உங்க கைலிக்குப் பின்னால, கட்டிலுக்கு அடியில. கதவை மூடினா அது சொகமா உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெளிய நிக்கிற வாழை மரத்துக்கா டிங்கி?"

கமலநாதனுக்கு வியர்த்தது. மூடு என்று கட்டளை போட்ட வாயால் திற என்று எப்படிச் சொல்வது? அப்புறம் காப்பிக் கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? சொல்லாமல் விட்டால், லோகன் வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் மானம் போனை எடுக்க விடவில்லை.

புனிதா அவர் முகத்தையே பார்த்தாள்.

"தப்புன்னு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்கு ஒவ்வொரு வீடா தட்டி, இலாகாவுல இருந்து புதுத் தகவல், நானே விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"நான் எங்க விசாரிச்சேன்?"

"நான் விசாரிச்சா நீங்க விசாரிச்ச மாதிரிதான்."

இந்த நியாயம் கமலநாதனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள், புகையடிக்கும் ஆட்கள் வருவதற்குச் சற்று முன்னால், வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. தன் குரலுக்கு இருந்த மதிப்பை நினைத்து, அந்த அவசரத்திலும் நெஞ்சு விம்மியது. தட்டினார், விளக்கினார். எவரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. 'சரிண்ணே', 'ஓகே அங்கிள்' என்று மளமளவென்று சன்னல்களைத் திறந்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். யார் பேச்சையும் கேட்டறியாத மேல்மாடி நல்லம்மாள்கூட, அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே கதவை விரியத் திறந்தார்.

புகை வீடு வீடாகப் புகுந்து வெளியேறியது. கார் நிறுத்துமிடத்தில் லோகன் நின்றுகொண்டிருந்தான்.

"பார்த்தியா லோகன், ஒரு வார்த்தை சொன்னேன், பிளாக்கே கேக்குது."

"ஆமாண்ணே. ஷாமினிக்கும் பிளேட்லட் ஏறுதுன்னு டாக்டர் சொன்னாரு."

கமலநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. புனிதா மட்டும் அந்தப் போனை அடிக்காமல் இருந்திருந்தால்? எப்பேர்ப்பட்ட பெண்பிள்ளை என்று மனதுக்குள் அவளைக் கும்பிட்டார். வெளியே வந்த பேச்சு மட்டும் வேறாக இருந்தது.

"அடுத்த ஃபோகிங்குக்கும் நானே வந்து சொல்றேன்."

"வாங்கண்ணே. ஆனா கொஞ்சம் சீக்கிரமா வாங்க. கதவைத் திறக்கணும்னு புனிதா அக்கா நேத்தே வீடு வீடா வந்து சொல்லிட்டாங்க. நீங்க வந்து தட்டுற வரைக்கும் மூடியே வச்சிருக்கணும்னும் சொன்னாங்க. உள்ள புழுக்கம் தாங்க முடியல லா."