சோயா மட்டனும் ஐந்தாம் வார்த்தையும்

குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் ஏனோக் ஓடிப்போய் வீட்டிலிருந்த இரண்டு ஜன்னல்களையும் சாத்தினார். சாத்தி என்ன பயன்? சாம்பியன் ரீப்ஸில் அந்தக் காலத்துத் தங்கச் சுரங்கக் கம்பெனி வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு அது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நான்காவது வீட்டில் தும்முவார்கள். இப்போது கிளம்பியதோ பட்டை, கிராம்பு, இஞ்சி பூண்டோடு கொதிக்கிற ஆட்டுக்கறி வாசனை. அதுவும் லெந்து என்கிற நாற்பது நாள் தவக்காலத்தில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானத்தில்.

"ஈவ்லின், இன்னா இது? சோயான்னுதானே குடுத்தாங்க. இப்படி மணக்குது?"

"சோயாதாங்க. நீங்க வாங்கினு வந்த பாக்கெட்டுதான். நான் இன்னா, மந்திரமா போட்டேன்?"

கொடுத்தது ஷில்பா. பெங்களூரில் ஏனோக்கின் ஆபீசில் பக்கத்து சீட்டுப் பெண். பால், தயிர், தேன் எதையும் தொடமாட்டாள். ஒரு மாதமாக ஏனோக் மத்தியான வேளையில் அடுத்தவர் டிபன் பாக்ஸையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, இரக்கப்பட்டு, "அங்கிள், இது பக்கா வெஜ். ஆனா டேஸ்ட் மட்டும் மட்டன்" என்று ஒரு பாக்கெட்டை நீட்டியிருந்தாள்.

மனுஷன் ஏங்கியதற்குக் காரணம் இருந்தது. புனித வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை நடக்கும் ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிச் சபையில் ஏழு பேர் பேசுவார்கள். அந்த ஏழில் ஒருவராக வேண்டும் என்று ஏனோக் பதினோரு வருடம் கேட்டுப் பார்த்தார். பதினோரு வருடமும் அவருக்குக் கிடைத்தது பெஞ்சு தூக்கிப்போடும் ஊழியம்தான். இந்த வருடம் எப்படியோ ஐந்தாம் வார்த்தையான 'தாகமாயிருக்கிறேன்' அவருக்கு விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஆபீசுக்குப் போக மாரிகுப்பத்தில் ரயில் ஏறியதும் பங்காருப்பேட்டை வரை பேசிப் பேசிப் பார்த்தார். எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டே வருகிறவர்களுக்குக்கூட அந்தப் பிரசங்கம் மனப்பாடம் ஆகிவிட்டது.

நிபந்தனை ஒன்றுதான். பேசுகிறவர் நாற்பது நாளும் கறி தொடக்கூடாது. சபைக் கமிட்டியும் முன்மாதிரியாக அதே உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருந்தது. கறி தொட்டதாகத் தெரிந்தால் வார்த்தை டென்சிலுக்குப் போய்விடும். டென்சில் வேறு யாருமில்லை, கமிட்டி செகரட்டரி ஹரோல்டின் மச்சான்.

ஏனோக் ஜன்னலை விரல் அளவு திறந்து பார்த்தார். தெருமுனையில் ஹரோல்ட், கையில் புனித வெள்ளி நோட்டீஸ் கட்டோடு, வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"செத்தோம் ஈவ்லின். ஹரோல்ட் அண்ணன் வராரு."

"வரட்டுமே. சோயான்னு சொல்லுங்க."

"யாரு நம்புவா? எனக்கே நம்பிக்கை இல்ல."

வாசனையை அமுக்க வேண்டும். ஏனோக் பின்பக்கமாக ஓடி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பார்வதம்மாக்கா, கொஞ்சம் சாம்பிராணி குடுங்க."

"உங்க வூட்ல சாம்பிராணியே போடமாட்டீங்களே தம்பி?"

"கொசுக்கா, கொசு."

"பட்டப்பகல்ல?"

கேட்டாலும் பார்வதம்மா தாராள மனசுக்காரி. கங்கு கனிந்த தூபக்காலையே தூக்கிக் கொடுத்து, மேலே ஒரு கை சாம்பிராணியையும் அள்ளிப் போட்டுவிட்டாள். ஏனோக் அதைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடினார். வீடு முழுக்கப் புகை. ஈவ்லின் இருமினாள். ஆனால் கறி வாசனை போகவில்லை. சாம்பிராணியோடு கைகோத்துக்கொண்டு இரண்டுமாக வாசலுக்குப் போய் நின்றன.

அங்கே ஹரோல்டும் நின்றிருந்தார். மூக்கை ஒருமுறை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார். முகம் வெளுத்தது.

"ஏனோக்... உள்ள இன்னா, கிடா வெட்டா?"

லெந்தில் கறி தின்றான் என்பதோடு போயிருக்க வேண்டிய விஷயம். சாம்பிராணி போட்டதில், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைத்துவிட்டான் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

"ஐயோ அண்ணே! இது கறியே இல்ல. சோயா. செடியில காய்க்கிறது."

"செடியில காய்க்கிறது இப்படி மணக்குமா? என்கிட்டயேவா?"

"பாக்கெட்ட காட்றேன் அண்ணே, இருங்க."

குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பாக்கெட்டைக் கொண்டுவந்தார். கொண்டுவராமலே இருந்திருக்கலாம். பாக்கெட் முழுக்க ஓர் ஆடு. வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் மட்டன் என்று போட்டிருந்தது. செடி, சோயா சமாச்சாரமெல்லாம் கீழே எறும்பு எழுத்தில்.

"கீழ படிங்க அண்ணே, கீழ!"

"கண்ணாடி கொண்டாரல" என்ற ஹரோல்ட், ஆட்டை மட்டும் செல்போனில் படம் பிடித்தார். ஏனோக்குக்குக் கொடுக்க வேண்டிய நோட்டீஸை மறுபடியும் கட்டுக்குள் சொருகிக்கொண்டார். அதில் ஐந்தாம் வார்த்தைக்கு நேராகத் தன் பெயர் அச்சில் இருந்ததை ஏனோக் பார்த்துவிட்டார். பதினோரு வருடத்தில் அவர் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பத்தே நிமிடத்தில் சபை வாட்ஸ்அப் குழுவில் ஆடு வந்து சிரித்தது. அடியில் ஹரோல்ட் எழுதியிருந்தார்: 'லெந்து. சாம்பிராணி. ஆடு. ஐந்து மணிக்கு அவசரக் கூட்டம்.'

ஐந்து மணிக்குச் சபைக் கோயிலை ஒட்டிய அறையில் பாஸ்டரும் கமிட்டியின் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏனோக் ஒரு கையில் டிபன் கேரியரும் மறு கையில் பாக்கெட்டுமாக வந்தார். பின்னாலேயே ஈவ்லினும் வந்தாள்.

"பாஸ்டர், குடுத்த பொண்ணையே கேளுங்க" என்று ஏனோக் ஷில்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஹலோ அங்கிள்! சாப்ட்டீங்களா? அப்படியே ஒரிஜினல் மட்டன் இல்ல? நம்பவே மாட்டாங்களே யாரும்!"

"ஆமாம்மா, நம்பமாட்றாங்க. அது இன்னாதுன்னு இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லு..."

சிக்னல் போய்விட்டது. ஹரோல்ட் நோட்டில் 'ஒரிஜினல் மட்டன்' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

ஏனோக்குக்கு வேறு வழி தெரியவில்லை. டிபன் கேரியரைத் திறந்து மேசை நடுவில் வைத்தார். "நீங்களே ஒரு வாய் போட்டுப் பாருங்க. சோயாவா கறியான்னு நாக்கு சொல்லிடும்."

முதலில் கமிட்டியிலிருந்த ஷோபா டீச்சர் ஒரு துண்டு எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "மட்டன்தான் பாஸ்டர்" என்று சொல்லி, சந்தேகம் தீர இன்னொரு துண்டு எடுத்தார். ஹரோல்ட் மூன்று துண்டு தின்றுவிட்டு, "தொடைக்கறி. இளம் ஆடு" என்றார். எல்லாரும் தின்றார்கள். பாஸ்டரும் தின்றார். கேரியரின் முதல் அடுக்கு காலியான பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"இருங்க, இருங்க. இது மட்டன்னா, இப்போ நாம எல்லாரும் லெந்த முறிச்சிட்டோமே?"

ஷோபா டீச்சர் கையிலிருந்த துண்டை மெதுவாகத் திரும்பக் கேரியரில் வைத்தார்.

"அப்போ இது சோயா" என்றார் ஹரோல்ட்.

"அப்போ நான் குத்தவாளி இல்லையே!" என்றார் ஏனோக்.

"அப்போ இது மட்டன்" என்றார் ஹரோல்ட்.

இப்படியே கால் மணி நேரம் போனது. கடைசியில் ஹரோல்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "ஒரு மாசமா கறியே படாத நாக்கு. எங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? சந்தேகம்னு வந்த பிறகு டென்சிலே பேசட்டும்."

"நாக்கு மறந்தவங்க எதுக்கு?" என்றாள் அதுவரை வாய் திறக்காத ஈவ்லின். "கறின்னா இன்னான்னு தெரிஞ்ச ஆள கூப்பிடுங்க. ஆண்டர்சன்பேட்ட காத்தவராயன் கீறாரு. முப்பது வருஷமா கறிக்கடை. ஒரு துண்டு மென்னாருன்னா ஆட்டோட வயசே சொல்லிடுவாரு."

பாஸ்டரும் கமிட்டியுமாக ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"கறிக்கடைக்காரன கோயில் ரூமுக்குள்ளயா?"

"சபை விஷயம் வெளிய போவலாமா?"

"லெந்து நாள்ல அவர் முகத்தப் பாக்கறதே பாவம்!"

பாஸ்டர் அவசரமாக எழுந்தே விட்டார். "ஏனோக், நான் உங்கள நம்புறேன். ஐந்தாம் வார்த்தை உங்களுக்குத்தான். ஜெபம் பண்ணி முடிச்சிடலாம்."

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு நோட்டீஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஏனோக்குக்கு மனசு கேட்கவில்லை. "இல்ல பாஸ்டர். ஏழு பேர்ல ஒருத்தனா நிக்கறப்ப யாரும் என்ன ஒரு மாதிரி பாக்கக் கூடாது. காத்தவராயன் வரட்டும். அவர் கறின்னு சொன்னா நானே வெலகிக்கறேன்."

ஈவ்லின் அதற்குள் போன் போட்டு முடித்திருந்தாள்.

காத்தவராயன் மொபெட்டில் வந்து இறங்கினார். உள்ளே வந்து கமிட்டியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். யாரும் திருப்பிப் போடவில்லை. ஹரோல்ட் நோட்டுக்குள் தலையை விட்டிருந்தார். ஷோபா டீச்சர் சுவரில் இருந்த கேலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இத கொஞ்சம் மென்னு பாருங்க அண்ணே" என்று ஏனோக் கேரியரை நீட்டினார். பதினோரு வருடம் காத்திருந்தது இந்த ஒரு வாயில் நின்றது.

காத்தவராயன் ஒரு துண்டை எடுத்து விரலால் பிய்த்தார். மோந்தார். வாயில் போட்டு நிதானமாக மென்றார். இன்னொன்றும் போட்டு மென்றார்.

"யாரு சமைச்சது?"

"நான்தாண்ணே" என்றாள் ஈவ்லின்.

"மசாலா ஏ-ஒன் தங்கச்சி. ஆனா இது கறி இல்ல. கறின்னா நாரு பல்லுல மாட்டணும், கொழுப்பு ஒதட்டுல ஒட்டணும். இது ரெண்டும் இல்ல. ஏதோ மாவுல செஞ்சு ஏமாத்திக் கீறாங்க. ஆடு இந்தப் பக்கமே வர்ல."

ஏனோக்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஈவ்லின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாஸ்டர் நோட்டீஸை எடுத்து ஏனோக் கையில் கொடுத்து, "சந்தோஷம், சந்தோஷம், அவ்ளோதான், நீங்க கிளம்புங்க காத்தவராயன்" என்று ஒரே மூச்சில் சொன்னார்.

காத்தவராயன் கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பி, பாஸ்டரில் தொடங்கி ஹரோல்ட் வரை ஆறு பேரையும் விரல் விட்டு எண்ணினார்.

"எல்லாரும் ஒரே எடத்துல கீறீங்க, நல்லதாப் போச்சு. லெந்து ஆரம்பிச்சதுலேர்ந்து வாராவாரம் ஆறு வூட்டுப் பின்வாசலுக்கும் ஒளிஞ்சு ஒளிஞ்சு அலைஞ்சதுல முட்டி கழண்டுபோச்சு. நாளைக்குக் கறிப் பார்சல் ஆறையும் இங்கயே கொண்டாந்து குடுத்துடட்டா?"