லேபிளார் ஒட்டிய நாற்காலி

உலகத்தைப் படைக்கும் வேலை லேபிளாரிடம் போயிருந்தால், ஒவ்வொரு மாமரத்திலும் ‘பணி: மாங்காய்’ என்று சீட்டு ஒட்டிவிட்டுத்தான் மனிதனைப் பற்றியே யோசித்திருப்பார்.

திண்டிவனத்தில் ஒரு பேக்கரி மாடியில் எங்கள் வெப்சைட் கம்பெனி. விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் லேபிளார்தான் மூத்த புரோகிராமர். ஆபீஸில் அவர் சீட்டு ஒட்டாத பொருள் கிடையாது; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். மின்விசிறி சுவிட்சில் ‘பணி: சத்தம். சில நேரம் காற்று.’ முதலாளி நாற்காலியில் ஒட்டியதை மட்டும் முதலாளியே கிழித்துவிட்டார்.

கம்ப்யூட்டரிலும் அதே கிறுக்குதான். வெப்சைட் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு HTML பெட்டியிலும் ‘டேட்டா-பணி’ என்று ஒரு குறிப்பு எழுதுவார். அதில் ‘காலண்டர்’ என்றிருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைப் படித்துப் பார்த்து அந்தப் பெட்டியில் காலண்டரைப் பூட்டிவிடும்.

“பெட்டிக்கு இன்னா வேலைன்னு பெட்டி மேலயே இருக்கணும் மேடம். தேடிக்கினு இருந்தா பேஜாரு.”

பத்து வருஷம் பிள்ளை வளர்த்துவிட்டு நான் மறுபடி வேலைக்கு வந்த நேரம் அது. மூன்று மாதம் பார்த்துவிட்டு வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லோரும் மேசையைத் துடைத்தார்கள். நான் ஆர்வக்கோளாறில், விக்கிரவாண்டி கல்யாண மண்டபத்தின் புக்கிங் பக்கத்தையும் துடைத்தேன். பதினோரு ‘டேட்டா-பணி’யையும் குப்பை என்று அழித்து, மானிட்டருக்குச் சந்தனப் பொட்டும் வைத்தேன்.

பூஜை முடிந்து மண்டபக்காரர் வந்தார். பக்கம் பளிச்சென்றுதான் இருந்தது. தேதியை அழுத்தினார். அசையவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

“இன்னாங்க, வெறும் படத்த காட்டிக்கினு இருக்கீங்களா?”

முதலாளி திரும்பினார். “யாரு கை வெச்சது?”

நான் மானிட்டரின் சந்தனப் பொட்டைக் கையால் மறைத்தேன். லேபிளார் புரோகிராமைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான்தான் சார். பூஜைக்கு கிளீன் பண்ணேன். ஜல்தியா ஒட்டிடறேன்.”

லேபிளை லேபிளாரே பிடுங்கினார் என்பதை முதலாளி நம்பியதுதான் அந்த ஆண்டின் அதிசயம். பதினொன்றும் திரும்ப ஏறின. காலண்டர் விரிந்தது. மண்டபக்காரர் முதல் ஆளாகத் தன் மகள் கல்யாணத்துக்கே தேதி போட்டுக்கொண்டார்.

கீழே டீ குடிக்கும்போது கேட்டேன். “ஏன் சார் பழிய ஏத்துக்கினீங்க? உங்கள அனுப்பியிருந்தா?”

“அனுப்பமாட்டாரு மேடம். அப்புறம் இத்தினி சீட்டையும் எவன் சொரண்டுறது?”

மறுநாள் என் நாற்காலியின் முதுகில் ஒரு புதுச் சீட்டு: ‘பணி: மேடம் உட்காருவது. கழற்ற வேண்டாம்.’

முதலாளி நின்று படித்தார். கிழிக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு நாற்காலி மாறிவிட்டேன். அந்தச் சீட்டை மட்டும் பக்குவமாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் நானே ஒட்டிக்கொள்கிறேன்.