கத்தி முனையில் ஜெயகணேஷ்

"பையிலேர்ந்து ஊசி வெளிய வந்துச்சு, வெட்டிப்புடுவேன்!"

குவார்ட்டர்ஸ் வாசல் கேட்டுக்கு உள்ளே, பலாப்பழம் வெட்டுகிற கத்தியோடு நின்றார் கருணாகரன். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது சுண்டுவிரலில் வெட்டு. ரத்தம் வேட்டியில் சொட்டியது. வெட்டிய கத்தி வலது கையில் பத்திரமாக இருந்தது.

108 ஆம்புலன்ஸின் மருத்துவ உதவியாளன் ஜெயகணேஷ் பின்வாங்கினான். அவனுக்கோ தலைபோகிற அவசரம். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு நர்ஸ் இளவேனில் வேலையை விட்டுவிட்டு இன்று பெங்களூரு பஸ் ஏறுகிறாள். பாட்டிலை உடைத்துக்கொண்டு நின்ற குடிகாரர்களைப் பேசியே ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தவன் ஜெயகணேஷ். அவளைப் பார்த்தால் மட்டும் வாயில் பிரஷரும் நாடித்துடிப்பும்தான் வரும். ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிச் சொல்லிவிடலாம் என்றிருந்தபோதுதான் இந்த அழைப்பு.

"தம்பி, கத்திய ஆட்டிக்கினே நிக்கிறாரு. வுட்டுட்டுப் போயிடலாமா?" என்றார் டிரைவர் வெள்ளைச்சாமி, வண்டிக் கதவைத் திறக்காமலே.

"காயத்தோட விட்டுட்டுப் போகக் கூடாதுண்ணே. போலீஸ் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணும்."

பயிற்சியில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். குரலை உயர்த்தாதே. தப்பிக்கும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு மாடு நின்றது.

"சார், கொஞ்சம் அமைதியா..."

"என்னைப் பைத்தியம்னு நெனச்சியா?"

கொஞ்சம் அழுத்தமாகச் சொல்லிப் பார்த்தான்.

"என்னையவே அதட்டுறியா?"

பேசாமல் நின்றான்.

"திமிரப் பாரு!"

மிச்சமிருந்தது ஒரு பாடம்தான்: பெயரைச் சொல்லி அறிமுகமாக வேண்டும்.

"என் பேரு ஜெயகணேஷ், சார்."

கத்தி அந்தரத்தில் நின்றது. கருணாகரன் வாசற்படியில் நின்ற மனைவி அமிர்தத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு, செல்போனோடு உள்ளே போனார்.

"கட்டு," என்று கேட் வழியாக விரலை நீட்டினார் கருணாகரன். "கட்டிக்கிட்டே சொல்லு. கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல சார்."

"ஏன்? பொய் சொன்னே..."

அவள் பெயரை மட்டும் விழுங்கிவிட்டு ஜெயகணேஷ் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் தலையைச் சாய்த்துக் கேஸ் ஷீட் எழுதுவதை. அவள் லீவு போட்ட நாளில் ஆஸ்பத்திரி கேட்டில் வண்டி திரும்பும்போதே நெஞ்சு காலியாகிவிடுவதை. ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்றும், யாருக்காவது லேசாகக் கால் சுளுக்கிக்கொள்ளாதா என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டதை.

"இத்தினி நாளா பக்கத்துலயே உக்காந்துக்கினு வர்றேன், என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லலியேப்பா!" வண்டிக்குள்ளிருந்து வெள்ளைச்சாமியின் குரல் உடைந்தது.

கட்டு முடிந்தது. கத்தி இறங்கவில்லை.

"போன் போடு. ஸ்பீக்கர்ல."

"சார், அவங்க இந்நேரம் பஸ்ல..."

கத்தி கேட்டுக்கு மேலே வந்தது. ஆயுதம் வைத்திருப்பவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்பதும் பயிற்சியில் உண்டு. எப்போதோ ஒரு நோயாளிக்காக வாங்கி வைத்த எண்ணை, ஒரு தடவைகூடக் கூப்பிடாத எண்ணை, ஜெயகணேஷ் அழுத்தினான்.

"ஹலோ?" பின்னணியில் பஸ் உறுமியது.

"பிரஷர் நூத்தியிருபதுக்கு எண்பது..."

கருணாகரன் தொண்டையைக் கனைத்தார்.

"உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க," என்றான் ஜெயகணேஷ். "போகாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா நீங்க போயிட்டா, ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியை நிறுத்தி நான் யாரைத் தேடுவேன்?"

கண்டக்டர் விசில் கேட்டது. பஸ்ஸின் உறுமல் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. போய்விட்டாள் என்று அவன் போனை அணைக்கப் போனான்.

"இறங்கிட்டேன்," என்றாள் இளவேனில். "அம்மா போன்ல சொன்னாங்க. நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் எங்கப்பா கத்தியைக் கீழ போடமாட்டாரு, பேசிக்கிட்டே இருங்க."