உங்கள் தங்கை குழாய் மாட்டக் கிளம்பிய விவரம்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, இடது காதுக்குள் நேற்றைய தண்ணீர் இன்னும் கொஞ்சம் நிற்கிறது. ஆகவே ‘ஏறக்குறைய சுகம்’ என்று வாசித்துக்கொள்ளவும்.

முப்பத்து நான்கு வருடம் அலுவலகத்தில் ஊரார் புகார்களைப் பதிவேட்டில் ஏற்றியவன் நான். இப்போதுதான் முதல்முறையாகச் சொந்தப் புகார் ஒன்றை எழுதுகிறேன். விஷயம் உங்கள் தங்கையைப் பற்றியது. கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரொம்ப சாது, மாப்ள. சத்தமா ஒரு வார்த்தை பேச மாட்டா” என்று உறுதி கொடுத்தது நீங்கள்தான் என்பதால், புகாரும் உங்கள் முகவரிக்கே வருகிறது.

நான்கு மாதங்களுக்கு முன்னால் எங்கள் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. பிளம்பரை வரச்சொன்னோம். ஆறடி உயரம், வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தார். எங்கே எவ்வளவு இடைவெளி இருந்தாலும் “அரை இஞ்சுதான் சார்” என்று சொல்வதால் அவருக்கு அரை இஞ்சு என்றே பெயராம். மீதி வேலையை ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடுங்கள் என்றேன். ஞாயிறு முடியாது என்றார். அவரும் இன்னும் ஏழு பிளம்பர்களும் வாரத்தில் அந்த ஒரு நாள், கூலி வாங்காமல், தண்ணீர் வசதியும் கழிப்பறையும் இல்லாத இடங்களுக்குப் போய் வேலை செய்து கொடுக்கிறார்களாம். நல்ல காரியம், வாழ்க என்று சொல்லி நான் பேப்பரை விரித்தேன். உங்கள் தங்கை பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, “நானும் வரலாமா?” என்று கேட்டாள். அந்த மனுஷர் மரியாதைக்கு, “அதுக்கென்னம்மா, வாங்க” என்றார். மச்சான், அந்த ஒரு மரியாதையால் என் குடும்பத்துக்கு வந்த கதிதான் இந்தக் கடிதம்.

போனாள். முதல் வாரம் சாமான் எடுத்துக் கொடுத்தாளாம். இரண்டாவது வாரம் பைப் அறுத்தாளாம். மூன்றாவது வாரம் ஒரு ரெஞ்சோடு வீட்டுக்கு வந்தாள். பழகிக்கொள்ள இடம் வேண்டுமே, இருக்கவே இருக்கிறது நம் வீடு. காலையில் ஒரு குழாயைக் கழற்றுவாள், மதியம் மாட்டுவாள், சாயங்காலம் சந்தேகம் வந்து மறுபடியும் கழற்றுவாள். ஒரு நாள் நான் தலை முழுக்கச் சோப்பைப் பூசிக்கொண்டு, கண்ணை மூடியபடி குழாயைத் தேடுகிறேன், குழாய் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது. “இங்க குழாய் எங்கே?” என்று கூப்பிட்டால், “கூடத்துல என் கையில இருக்கு, பத்து நிமிஷம் பொறுங்க” என்று பதில் வருகிறது. பத்து நிமிடம் முக்கால் மணி நேரமானது. ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் துண்டோடு சோப்பு காய நின்ற அந்த முக்கால் மணி நேரத்தில்தான், அரை இஞ்சை நேரில் பார்த்து, ‘ஐயா, என் மனைவியைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட் சகிதம் கூடவே கிளம்பினேன். ஒரு பழைய கிடங்கின் பின்பக்கம், சுவரோடு சுவராக ஒட்டி நாற்பது வீடுகள். நாற்பதுக்கும் சேர்த்துத் தெருக்கோடியில் ஒரே குழாய். கழிப்பறை இரண்டு உண்டு. போன மாதம் வரை ஒன்றுக்குக் கதவு இல்லை, மற்றொன்றுக்குக் கதவும் பூட்டும் உண்டு, தண்ணீர் இல்லை. கழிவுநீர்க் குழாய் உடைந்து, அந்தத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாயை உரசிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்ததாம். அதை நம் ஆட்கள் போன மாதமே சரிசெய்து, கழிப்பறைகளையும் எடுத்துக் கட்டி, கூரையில் தொட்டி வைத்திருந்தார்கள். குடிநீர் அலுவலகமும் அனுமதி கொடுத்துவிட்டது. வரிசை நெடுகப் பள்ளம் தோண்டிப் புதுக் குழாய் இழுத்து, நான்கு வீட்டுக்கு ஒரு குழாய் வைத்துத் தண்ணீரைத் திறக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

நான் அரை இஞ்சைத் தேடிப் போனேன். அவர் பள்ளத்துக்குள் இருந்தார். பேச்சை ஆரம்பிக்கக் கொஞ்சம் குனிந்தேன். “நல்ல நேரத்துல வந்தீங்க சார், இந்த முட்டியைப் பிடிங்க, ஒட்டின பசை காயணும், ஆடாமப் பிடிங்க” என்று குழாயின் வளைவை என் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். கொடுத்ததை வாங்கிக்கொள்வது முப்பத்து நான்கு வருடப் பழக்கம். வெள்ளை பேண்ட்டோடு பள்ளத்தில் இறங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எதிரே, ஏழாவது வீட்டு வாசலில், ஒரு அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கரிப்பெட்டியின் அனல் எனக்கே அடித்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யாரு சார் உங்க பேண்ட்டுக்கு இஸ்திரி போட்டது? மடிப்புக்கோடு ரெண்டா விழுந்திருக்கே” என்றார்.

“நான்தாம்மா போட்டேன். வீட்டுல ஆள் குழாய் மாட்டப் போயிட்டாங்க” என்றேன். பேச்சை மாற்ற, “இந்த அனல்ல தாகம் எடுக்காதா?” என்று கேட்டேன்.

“எடுக்கும். பகல்ல குடிக்க மாட்டேன் சார்.”

“ஏம்மா?”

“குடிச்சா போகணும்ல. போறதுக்கு எடம் எங்க இருக்கு? புதுசாக் கட்டினதுல இன்னும் தண்ணி வரல. மறைவு இல்லாத எடத்துக்கு வெளிச்சத்துல எப்படிப் போறது? இருட்டினதும் ஒரு சொம்பு குடிப்பேன். பதினாலு வருஷமாப் பழகிப்போச்சு.”

முறையீடு எதுவும் இல்லாமல், சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது நான் அதிகம் பேசுவேன், அது உங்களுக்கும் தெரியும். இது அநியாயம், இதைப் பற்றி ஒரு மனு எழுத வேண்டும், ஏழு நகல் எடுக்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் இரண்டு கையையும் வீசி வீசிப் பேசியிருக்கிறேன். இரண்டு கை என்றால், குழாயைப் பிடித்திருந்த கையும் சேர்த்துத்தான். பிறகு ஞாபகம் வந்து, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி பிடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் திறப்பதாக ஏற்பாடு. நாற்பது வீட்டு ஜனமும் குடத்தோடு வந்து நின்றார்கள். அரை இஞ்சு வால்வைத் திருகினார். குழாய்களில் காற்று புஸ்ஸென்று வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. எல்லோரும் குழாயைப் பார்க்கிறார்கள், நான் மட்டும் என் வளைவைப் பார்க்கிறேன். அது மெதுவாகக் கழுத்தைத் திருப்பியது. பாய்ந்து போய் உள்ளங்கையால் பொத்தினேன். படாரென்று தெறித்து, பத்தடி உயரத்துக்குத் தண்ணீர், அதில் பாதி என் இடது காதில். வழுக்கி, வெள்ளை பேண்ட்டோடு பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தைகள் எல்லாம் இதுவும் ஏற்பாட்டில் சேர்ந்தது என்று நினைத்துக் கைதட்டி அதில் குளிக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்களும் ஒதுங்கவில்லை.

அப்போது ஒரு குரல் கேட்டது, மச்சான். “மெயினை மூடு! அந்தப் புது முட்டியை எடு! நீங்க தள்ளி உட்காருங்க!” நாற்பது வீட்டுக்கும் கேட்டது. சாது என்று நீங்கள் சொன்ன அதே தங்கைதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்தில் குதித்து, உடைந்ததை அறுத்து, துடைத்து, பசை பூசி, புது வளைவைப் பொருத்தி, அது காயும் வரை தன் கையாலேயே பிடித்து நின்றாள். யார் செய்த வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். முப்பத்தொன்பது வருடத்தில் அந்தப் பார்வைக்கு இவ்வளவு லேசாகத் தப்பியது இதுவே முதல்முறை.

மறுபடி திறந்தார்கள். பத்துக் குழாயிலும் தண்ணீர் வந்தது. முதலில் கலங்கலாக, பிறகு தெளிந்து, சுத்தமாக. இஸ்திரி அம்மா முதல் குடத்தை நிரப்பவில்லை. நேராகக் கழிப்பறைக்குப் போய்ப் புதுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தார், உள்ளே குழாயைத் திறந்து பார்த்தார், வெளியே வந்தார். ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து, பட்டப்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, எல்லோர் முன்னாலும் நின்று, மூச்சுவிடாமல் குடித்தார். இன்னொன்று பிடித்தார், அதையும் குடித்தார். மூன்றாவதை என்னிடம் நீட்டி, “குடிங்க சார், தைரியமாக் குடிங்க” என்றார். குடித்தேன். என் முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் வேறு எதுவும் யாருக்கும் தெரிந்திருக்காது.

இருந்தாலும் புகார் புகார்தான். அவளுக்கு வயது அறுபத்தொன்று ஆகிறது, பள்ளத்தில் குதிக்கிற வயதா இது? எனவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் கண்டித்து, தங்கள் தங்கையை இந்த வேலையிலிருந்து விடுவித்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று, எந்நாளும் குறைவின்றி இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பி ஆறு நாளாகிவிட்டது. போகிற வழியில் அரை இஞ்சின் வண்டி வந்து பக்கத்தில் நின்றது. ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் ஒன்பது குழாய், ஞாயிறு வரை காத்திருக்க முடியாது, ஆள் ஒன்று குறைகிறது என்றார். நான் அவசரமாகப் புகார்க் கடிதம் ஒன்றைப் போடப் போகிறேன் என்றேன். “ஏறுங்க சார், நாளைக்குப் போட்டுக்கலாம்” என்றார். ஏறிவிட்டேன். அடுத்த நாளும் இப்படியே ஆனது. ஆகவே தாங்கள் கண்டிக்க வர வேண்டாம், அழுக்கானால் பரவாயில்லாத சட்டை இரண்டு எடுத்துக்கொண்டு சும்மா வாருங்கள். இங்கே வேலை நிறையக் கிடக்கிறது. அந்த ஒன்பதில் ஒரு குழாய், கடைசியில் ஜன்னலோரம் இருப்பது, நான் தனியாக மாட்டியது. ஒழுகாமலிருக்க மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை முதலில் தலைகீழாகச் சுற்றிவிட்டேன். பிரித்து மறுபடி சுற்றினேன். மாட்டி முடித்து, திறந்து, மூடி, அடியில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். ஒரு சொட்டுகூட விழவில்லை, மச்சான்.