வீடியோ காலுக்குத் தடை

"நம்மூர் மாதிரி இல்ல ஜலஜா. இந்த நாட்டுல வாட்ஸ்அப்ல முகம் பாத்துப் பேசவே முடியாது. தடை!"

ரகுநாதன் துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் அறையிலிருந்து திருச்சியில் இருக்கும் மனைவிக்குக் குரல் செய்தி அனுப்பினார். தடை இருப்பது உண்மைதான். ஆனால் அந்தத் தடையை இவ்வளவு நேசித்த மனிதர் அமீரகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. அவர் கட்டட வரைபடம் வரைந்துகொண்டிருந்த கம்பெனியை மூடி ஏழு மாதம் ஆகிறது. இப்போது சைட்டில் சிமெண்ட் மூட்டை தூக்குகிறார். வீட்டுக்குச் சொல்லியிருப்பதோ ஏ.சி. கேபின், தனி ஃபிளாட்.

பதில் உடனே வந்தது. "பக்கத்து வீட்டு பிருந்தாவோட வீட்டுக்காரர் அங்கேருந்துதான் தினம் பேசறார். விபிஎன்னாம்."

"ஐயோ, அது திருட்டு வழி. மாட்டினா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க!"

இரண்டே நாளில் ஜலஜா அடுத்ததைக் கொண்டுவந்தாள். "அரசாங்கமே அனுமதிச்ச ஆப் ஒண்ணு இருக்கு. எங்கிட்ட இருக்கு. நீங்களும் போடுங்க."

அரசாங்கம் இப்படிக் கைவிடும் என்று ரகுநாதன் நினைக்கவில்லை.

"ஆபீஸ்ல அதையும் தடுத்து வெச்சிருக்காங்கம்மா."

"ஃபிளாட்ல?"

"நெட் ரொம்ப ஸ்லோ."

"அப்ப வேற ஃபிளாட் பாருங்க. நல்ல சம்பளந்தானே?"

மகள் ரக்ஷிதா ஒரே போடாகப் போட்டாள். "அப்பா முகம் தெரியலேன்னா பர்த்டே கேக் வெட்ட மாட்டேன்."

அவருக்கு மட்டும் ஆசை இல்லையா? அவள் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே ஏழு மாதத்தை ஓட்டியிருந்தார். எட்டுப் பேர் படுக்கும் அறையில் அவரைப்போல் தனியாக இருந்தவர் யாருமில்லை.

பிறந்தநாள் லீவு நாளில் வந்தது. வேறு வழியில்லாமல் அந்த ஆப்பைப் போட்டு, ஒரு டை கடன் வாங்கினார். இரும்புக் கட்டிலை மறைத்து வெள்ளை பெட்ஷீட் கட்டினார். மேல் கட்டில் சோலைமுத்துவிடம் ஃபோனைக் கொடுத்தார்.

"அண்ணே, இடுப்புக்கு மேல மட்டும் காட்டுங்க. கீழ லுங்கி."

சோலைமுத்து ஏனோ அவர் முகத்தைப் பார்க்காமலே ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். "கனெக்ட் ஆயிடுச்சு தம்பி" என்றார்.

திரையில் ரக்ஷிதா. முன்பல் இரண்டைக் காணோம். ரகுநாதன் அந்த இடைவெளியையே பார்த்தார். டையைச் சரிசெய்துகொண்டு, "இதாண்டா கண்ணு அப்பாவோட ஃபிளாட்" என்றார்.

"சோலைமுத்து மாமா, தினம் காலைல அப்பா சிமெண்ட் சட்டையோட பஸ் ஏறுறதைக் காட்டுவீங்களே, அந்த மாதிரி தள்ளிப் பிடிங்க. அப்பத்தான் அப்பா முழுசாத் தெரிவாங்க!"