ஊழியக் குழு பட்டினி கிடந்த நாள்

மனிதகுலத்தின் துயரங்களை ஒரே வாரத்தில் துடைத்துவிட்டு, திரும்பும் வழியில் விமான நிலையத்தில் சென்ட் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வீடு சேரும் மகத்தான கலையைக் கண்டுபிடித்தவர்களுக்குச் சிலை வைப்பதென்று உலகம் என்றைக்காவது முடிவெடுத்தால், முதல் சிலை தாய்ச்சபையின் வெளிநாட்டு ஊழியக் குழுவுக்குத்தான் வைக்க வேண்டும். பதினோரு பேர் என்பதால் பீடம் மட்டும் சற்று நீளமாகத் தேவைப்படும்.

இந்தப் பதினோரு பேரும் ஆண்டுதோறும் வந்து இறங்கிய வீடு, கடல் தாண்டி ஒரு சின்ன ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. தாய்ச்சபை அனுப்பிய மிஷனரியும் அவர் மனைவியும் அங்கே குடியிருந்தார்கள். ஊருக்கு அவர் பாஸ்டர், மனைவி பாஸ்டரம்மா. வீட்டை ஒட்டி ஒரு சின்ன ஆலயம், ஒரு திறந்த முற்றம். முற்றத்துக்கு அந்தப்பக்கம் தையல்காரியின் வீடு. பாஸ்டரம்மா அந்த ஊர் பாஷையைக் கற்றுக்கொண்டது அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். முதலில் நூல், ஊசி, பித்தான், அப்புறம் புருஷன், மாமியார், கோபம், கடைசியில்தான் கடவுள். இந்த வரிசையில் கற்றதால் அவருக்குப் பாஷை நன்றாக வந்தது. பாஸ்டர் கடவுளில் தொடங்கியவர். அவருக்கு இன்னமும் சந்தையில் வெங்காயம் கேட்கத் தெரியாது.

அந்த வருடமும் குழுத் தலைவர் போன் செய்தார். பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"பாஸ்டர், இந்தத் தடவை என் இருதயத்துல ரொம்பப் பாரம்!"

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்ணே."

"பெட்டியிலயும் பாரம் ஜாஸ்தி. ஏர்போர்ட்டுக்கு வேன் பெருசா எடுத்துட்டு வாங்க. சரி, எங்களுக்கு என்ன வேலை வச்சிருக்கீங்க?"

"வேலை… அப்படி ஒண்ணும் இல்லையே."

"என்ன பாஸ்டர் இப்படிச் சொல்றீங்க? பதினோரு பேர் சேவை செய்யத் துடிச்சிட்டு இருக்காங்க. தேவை இல்லாம எப்படி வர்றது?"

அன்று சாயங்காலம் கணவனும் மனைவியும் 'தேவை' தேடிப் புறப்பட்டார்கள். ஆலயத்தைச் சுற்றினார்கள். கூரையைத் தட்டிப் பார்த்தார்கள். முந்தின குழு போட்டது, உறுதியாக இருந்தது. சுவரைச் சுரண்டினார்கள், போன வருடத்துப் பெயிண்ட் பளபளத்தது. ஒரு ஜன்னல் கதவாவது ஆடுமா என்று பாஸ்டர் ஆட்டிப் பார்த்தார். அது அசையாமல் நின்று துரோகம் செய்தது.

"சுற்றுச்சுவர்!" என்றார் திடீரென்று. "நமக்குச் சுற்றுச்சுவரே இல்லையே!"

"எதுக்குங்க? யாரு திருட வர்றா? முற்றம் வழியாத்தானே எல்லாரும் போறாங்க வர்றாங்க."

"ஒரு வாரம்தானேம்மா. சும்மா கட்டிட்டுப் போகட்டும்."

இப்படியாக, 'அன்பின் சுற்றுச்சுவர்' என்ற மாபெரும் திட்டம் பிறந்தது.

குழு வந்து இறங்கியது. எல்லோருக்கும் நீலச் சட்டை. முதுகில் 'ஊழியம் செய்யவே வந்தோம்' என்ற வாசகம். அந்த வாசகத்தைப் பாஸ்டரம்மாவால் அடிக்கடி படிக்க முடிந்தது. ஏனென்றால் அவர் தட்டோடு போகும்போதெல்லாம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குச் சர்க்கரை இல்லாத டீ. ஒருவருக்குச் சர்க்கரை மட்டும் போதும், டீ லேசாக. தலைவரின் மனைவிக்கு வெந்நீர், அதுவும் "கொதிச்சு ஆறின வெந்நீர், ஆனா ஆறிடக் கூடாது." பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் தங்கள் படுக்கையறையைக் கொடுத்துவிட்டுச் சமையலறைத் தரையில் படுத்தார்கள். அதிலும் ஒரு வசதி இருந்தது. காலையில் எழுந்து அடுப்புக்குப் போக வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும்.

சுவர் வளர்ந்தது. எப்படி வளர்ந்தது என்பதை ஒரு தம்பி இடைவிடாமல் வீடியோ எடுத்தார். குழுவிலேயே மிக உற்சாகமாகச் சிமெண்ட் குழைத்தவர் ஒரு பல் டாக்டர்.

இரண்டாம் நாள், அரைச்சுவரைச் சுற்றிக்கொண்டு தெரு வழியாகத் தையல்காரி வந்தாள். ஒரு கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

"நாலு நாளா கடைவாய்ப் பல் உயிரை எடுக்குது," என்றாள். "நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரிக்கு என்கூட வர்றியா? தனியாப் போகப் பயமா இருக்கு."

பாஸ்டரம்மாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். முதல்முறையாக, தேடாமலே ஒரு தேவை கிடைத்திருக்கிறது. அதற்கேற்ற ஆளும் கைக்கெட்டும் தூரத்தில். நேரே பல் டாக்டரிடம் போனார்.

"டாக்டர், பக்கத்து வீட்டம்மாவுக்குப் பல்வலியில கன்னம் வீங்கியிருக்கு. ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?"

பல் டாக்டர் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு புனித வேதனை. "சிஸ்டர், நான் இங்க டாக்டரா வரல. ஊழியனா வந்திருக்கேன்."

"பாக்கத்தானே சொல்றேன்…"

"பதினெட்டு வருஷமா மத்தவங்க வாயையே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு சிஸ்டர். இந்த ஒரு வாரம்தான் என்னையே மறந்து தாழ்மையா வேலை செய்றேன். அதையும் கெடுத்துடாதீங்க." மறுபடி சிமெண்டைக் குழைத்தார். மிகத் தாழ்மையாகக் குழைத்தார் என்பதில் சந்தேகமில்லை. மூன்று கோணங்களில் வீடியோ இருக்கிறது.

ஆனால் குழு கைவிடவில்லை. செய்தி கேட்டதும் தலைவர் நெகிழ்ந்துபோனார். "வீங்கின முகமா? உடனே போய்ச் சந்திக்கணும்!" பதினோரு பேரும் தையல்காரியின் ஒற்றை அறைக்குள் நுழைந்து, தைத்து அடுக்கியிருந்த துணிகள் மேலேயே இடம்பிடித்து, கைதட்டி மூன்று பாட்டுப் பாடினார்கள். தையல்காரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பாஸ்டரம்மாவைப் பார்த்தாள்.

"எனக்குத் தலைக்குள்ள இடி இடிக்குது. இவங்க ஏன் கை தட்டுறாங்க?"

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் தலைவர்.

"உங்க அன்புக்கு நன்றி சொல்றாங்க," என்று மொழிபெயர்த்தார் பாஸ்டரம்மா. இவ்வளவு காலமாக அவருடைய ஊழியத்தில் பாதி இதுதான்.

"அவங்களை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க," என்றார் வீடியோ தம்பி. "முகம் கொஞ்சம் இந்தப்பக்கம். வீக்கம் தெரியணும்."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. தலைவரின் மனைவிக்கு வயிறு சரியில்லை. பத்தியச் சாப்பாடு தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. "நாளைக்குக் காலையில கண்டிப்பாப் போலாம்," என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார் பாஸ்டரம்மா. அதற்கடுத்த நாள் காலை, பதினோரு பேருக்கும் டீ போட்டு முடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. தையல் மெஷின் சத்தத்தையே காணோம்.

தெருவைச் சுற்றிப் போகப் பொறுமை இல்லை. நேற்றுப் பூசிய சுவர் மேல் ஏறினார். ஈரச் சிமெண்டில் கால் புதைந்தது. செருப்பு ஒன்று அங்கேயே நின்றுவிட்டது.

"ஐயோ, சிஸ்டர்! ஃபினிஷிங்!" என்று அலறினார் பல் டாக்டர்.

தையல்காரி கட்டிலில் கிடந்தாள். வீக்கம் கன்னத்தை விட்டுக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வாயைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்தால் விழுங்க முடியாமல் ஓரமாக வழிந்தது. அவள் பாஸ்டரம்மாவின் கையைப் பிடித்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பாஸ்டரம்மாவுக்கு. 'நாளைக்கு, நாளைக்கு' என்று தள்ளிப்போட்டது அவருடைய வாய்தானே.

ஓடிவந்து முற்றத்தில் நின்று கத்தினார். "என்னங்க! வேனை எடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

வேன் ஏற்கெனவே வாசலில் புறப்படத் தயாராக நின்றது. அன்று நிகழ்ச்சி நிரலில் 'உள்ளூர்க் கலாசாரப் பரிச்சயம்'. அதாவது, கடைத்தெரு. குழுவில் பாதிப் பேர் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது.

தலைவர் கையை உயர்த்தினார். "பதறாதீங்க சிஸ்டர். எதையும் ஒழுங்கும் கிரமமுமா செய்யணும். எல்லாரும் வட்டமா நின்னு, கர்த்தரோட சித்தம் என்னன்னு ஜெபிச்சுட்டு முடிவெடுக்கலாம்."

பாஸ்டர் தலைவரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். இருபது வருடத் திருமணத்தில் பாஸ்டரம்மா அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

"நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டட்டுமா?"

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதேம்மா."

"அதான் கேக்குறேன்."

பாஸ்டர் ஓட்டினார். அதற்கு முன்னால், வேனுக்குள் இருந்தவர்களைப் பார்த்து, "இறங்குங்க," என்றார். "தயவுசெஞ்சு" என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததுமே ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். "சீழ் தொண்டைக்கு இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும். இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" பாஸ்டரம்மா ஒற்றைச் செருப்போடு நின்றார். அந்தக் கேள்வியை அவர் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அதே நேரத்தில், வீட்டில் வேறொரு பேரிடர்.

மணி ஒன்றடித்தது. சாப்பாடு வரவில்லை. ஒன்றரை ஆனது. சமையலறையில் அரிசி இருந்தது, காய்கறி இருந்தது, முட்டை இருந்தது, அடுப்பும் இருந்தது. ஆனால் குழுவில் ஒருவரும் சமைக்க வரவில்லை; ஊழியம் செய்ய வந்தவர்கள். தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். 'ஊழியப் பாதையில் எதிர்பாராத உபத்திரவங்கள்' என்ற தலைப்பில் சிற்றுரை ஆற்றினார். வீடியோ தம்பி எல்லோருடைய வாடிய முகங்களையும் பதிவுசெய்தார். பல் டாக்டர் ஒரு பச்சைக் கேரட்டைக் கடித்துக்கொண்டு, பட்டினி கிடப்போரின் வேதனை தனக்கு இன்றுதான் புரிகிறது என்று கண்கலங்கச் சாட்சி சொன்னார்.

அப்போது சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. தெருமுனை ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. வாராவாரம் ஆலயத்துக்கு வருகிறவள். தையல்காரியை வேனில் தூக்கிப்போனதை அவள் பார்த்திருந்தாள். பதினோரு பெரியவர்கள் வெற்றுத் தட்டுகளின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பதையும் இப்போது பார்த்தாள். திரும்பிப் போய் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இருவர் தையல்காரிக்குத் துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். மற்றவர்கள் சுவரேறிக் குதித்துச் சமையலறைக்குள் புகுந்தார்கள்.

சாயங்காலம் பாஸ்டரம்மா திரும்பி வந்தபோது வீடு கூட்டியிருந்தது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கொடியில் பதினோரு நீலச் சட்டைகள் உலர்ந்துகொண்டிருந்தன. குழுவினர் உண்ட களைப்பில் ஓய்வெடுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரி பாஸ்டரம்மாவைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினாள்.

"உக்காரு. பிழைச்சுட்டாளா?"

"பிழைச்சுட்டா." அதற்கப்புறம்தான் பாஸ்டரம்மாவுக்கு அழுகை வந்தது. ரொட்டிக்கடைக்காரி அவர் அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வருஷா வருஷம் உனக்கு இந்தச் சோதனை வருது. நாங்க பாத்துட்டுச் சும்மாவே இருந்துட்டோம். எங்க மேலதான் தப்பு. ஆமா, இவங்கல்லாம் யாரு? உன் வீட்டுக்காரருக்குச் சொந்தமா?"

"இல்ல. ஊழியம் செய்ய வந்தவங்க."

"யாருக்கு?"

பாஸ்டரம்மா கொடியில் தொங்கிய சட்டைகளின் முதுகை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

குழு ஊருக்குப் புறப்படும் முன் பல் டாக்டர் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டுப்போட்ட கழுத்தோடு கிடந்தவள் பக்கத்தில் போய் நின்றார். "இப்ப வேணா… ஒரு தடவை பாக்கட்டுமா சிஸ்டர்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

பாஸ்டரம்மா கேட்டுச் சொன்னார். "வேண்டாமாம். உங்க நகத்துல இன்னும் சிமெண்ட் இருக்காம்." அன்றுதான் அவர் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

தாய்ச்சபையின் மாத இதழ் வந்து சேர்ந்தபோது தையல்காரி மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். நடுப்பக்கம் முழுக்கக் குழுவின் அறிக்கை. தலைவர் எழுதியது. பாஸ்டரம்மா அதை எழுத்து விடாமல் அவளுக்கு மொழிபெயர்த்துப் படித்தார்:

"'இப்பயணத்தின் மாபெரும் கனி யாதெனில், இதுகாறும் பெறுவதற்கு மட்டுமே பழகியிருந்த அவ்வூர் மக்கள், நம் குழுவினரின் முன்மாதிரியைக் கண்டு, பிறருக்கு உதவி செய்ய முதன்முறையாகக் கற்றுக்கொண்டார்கள்.'"

தையல்காரிக்குக் கோபம் வரும் என்று பாஸ்டரம்மா காத்திருந்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு யோசித்தாள்.

"உண்மைதானே. அவங்க வரலைன்னா, உனக்கு இவ்வளவு உதவி தேவைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடுத்த வருஷமும் வர்றாங்களாம். பதினஞ்சு பேர்."

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். அவள் முகத்தில் உண்மையான கவலை.

"பதினஞ்சு பேர் சேவை செய்யணும்னா, முப்பது பேராவது வேலை செய்யணுமே! அவ்வளவு ஆளுக்கு நாங்க எங்க போவோம்?"